மூடிய கோப்புகளும் முடியாத வழக்குகளும்: அமெரிக்க அரசியல் படுகொலைகளின் மறுவிசாரணை

1963 ஜூன் முதல் 1968 ஜூன் வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்கப் பொதுவாழ்வில் முன்னணியில் நின்ற ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மெட்கர் எவர்ஸ், அதிபர் ஜான் கென்னடி, மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங், அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ராபர்ட் கென்னடி ஆகியோரே அவர்கள். ஒவ்வொரு கொலையிலும் சில நாட்களிலோ வாரங்களிலோ யாரேனும் ஒருவர் பிடிபட்டார். அரசு தன் விடையைச் சொல்லிவிட்டது. ஆயினும் அந்த விடைகளுள் எதுவும் பொதுமக்களிடம் முழுமையாகச் செல்லுபடியாகவில்லை. அரசிடமுள்ள ஆவணங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும், வழக்குகளை மறுபடி விசாரிக்க வேண்டும் என்னும் இரு கோரிக்கைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துகொண்டே இருக்கின்றன. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆவண வெளியீடு என்பது அரசின் காப்பறையில் உள்ளதைப் பொதுமக்கள் படிக்கக் கொடுப்பது. மறுவிசாரணை என்பது சாட்சிகளை வரவழைக்கவும், சத்தியப் பிரமாணத்தின் கீழ்க் கேள்வி கேட்கவும், தவறான தீர்ப்பை மாற்றவும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு அந்த ஆவணங்களைக் கையிலெடுப்பது. முதலாவது பெரிய அளவில் நடந்தும் இரண்டாவது நடக்காத வழக்குகளில் ஐயம் தீரவில்லை என்பதையும், இரண்டும் சேர்ந்து நடந்த சிற்சில வழக்குகளிலேயே நீதி கிடைத்தது என்பதையும் மேற்கண்ட ஐந்து வழக்குகளும் காட்டுகின்றன.

ஆவணங்கள் ஏன் மறைக்கப்பட்டன என்ற கேள்விக்கு, கொலையாளிகளைக் காப்பாற்றத்தான் என்று பலரும் உடனே விடை சொல்லிவிடுகின்றனர். நிரூபிக்கப்பட்டுள்ள செய்திகளை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் தெளிவாகத் தெரிகிறது: புலனாய்வு அமைப்புகள் தம் சொந்த நடவடிக்கைகளையே மறைத்தன. கென்னடி கொலையை விசாரிக்க அடுத்து வந்த அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 நவம்பர் 29 அன்று அமைத்த, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையிலான எழுவர் ஆணையம், லீ ஹார்வி ஆஸ்வால்ட் தனியாளாகச் சுட்டான் என்று 1964 செப்டம்பரில் 888 பக்க அறிக்கை அளித்தது. அந்த ஆணையத்தின் உறுப்பினர்களுள் ஒருவர் ஆலன் டல்லஸ். 1961 வரை மத்திய உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் தலைவராக இருந்தவர். அவருடைய காலத்தில்தான் கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்ல அந்நிறுவனம் மாஃபியா கும்பல்களோடு சேர்ந்து திட்டம் தீட்டியது. கியூபாவுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை விநியோகித்தவன் ஆஸ்வால்ட் என்பதால், இந்தச் செய்தி ஆணையத்துக்கு இன்றியமையாதது. இருந்தும் டல்லஸும் சொல்லவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை. எஃப்.பி.ஐ. என்னும் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் டல்லஸ் நகர அலுவலகத்துக்குக் கொலைக்குச் சில வாரங்கள் முன்பு ஆஸ்வால்ட் நேரில் வந்து கொடுத்துச் சென்ற கடிதத்தை, அவனும் கொல்லப்பட்ட பிறகு அவ்வலுவலக அதிகாரி ஒருவர் கிழித்துக் கழிவறையில் போட்டார். இது 1975இல்தான் வெளியே வந்தது. இவற்றால் ஆஸ்வால்ட் குற்றமற்றவன் என்று ஆகிவிடாது. ஆனால் ஆணையம் தன் முடிவுக்கு வந்தபோது அதன் முன் இருந்த சான்றுகள் அரைகுறையானவை என்பதில் ஐயமில்லை. அரைகுறைச் சான்றின் மேல் எழுந்த முடிவு சரியாகவே இருந்தாலும், அதை நம்பும்படி மக்களைக் கேட்கும் தகுதியை அரசு அப்போதே இழந்துவிட்டது.

உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை 1975–76இல் விசாரித்த செனட் குழு, அதன் தலைவர் ஃபிராங்க் சர்ச் பெயரால் சர்ச் குழு என்று அறியப்படுவது, காஸ்ட்ரோ, காங்கோவின் பத்ரீஸ் லுமும்பா உள்ளிட்ட அயல்நாட்டுத் தலைவர்கள் மீதான கொலைச் சதிகளை அம்பலப்படுத்தியதும் அமெரிக்க நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. கென்னடி, கிங் ஆகிய இருவரின் கொலைகளையும் ஆராய 1976இல் கீழவை ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. டல்லஸ் காவல்துறையின் வானொலிப் பேச்சு பதிவான ஒலிப்பட்டையில் நான்காவது துப்பாக்கி ஒலி கேட்பதாக வல்லுநர்கள் கூறியதை ஏற்று, கென்னடி கொலை பெரும்பாலும் ஒரு சதியின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று அக்குழு 1979இல் அறிவித்தது. தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர் குழு 1982இல் அந்த ஒலிச் சான்றை மறுத்தது. நீதித்துறை 1988இல் மேல் விசாரணை தேவையில்லை என்று முடித்துக்கொண்டது. ஓர் அரசு அமைப்பு சதி என்றது, மற்றொன்று இல்லை என்றது. இவ்விரண்டையும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எந்த மன்றமும் இல்லாமல் போயிற்று. போதாததற்கு, கீழவைக் குழுவின் சொந்த ஆவணங்களே 2029 வரை ஐம்பதாண்டுகளுக்குப் பூட்டி வைக்கப்பட்டன.

இந்தப் பூட்டைத் திறந்தது ஒரு திரைப்படம் என்பது வரலாற்றில் அரிதான செய்தி. 1991 டிசம்பரில் வெளியான, கென்னடி கொலையைப் பற்றிய ஆலிவர் ஸ்டோனின் படம், வரலாற்றுத் துல்லியத்தில் பல இடங்களில் தவறியதே எனினும், ஆவணங்கள் 2029 வரை கிடைக்காது என்பதைக் கோடிக்கணக்கானோர் அறியச் செய்தது. மறு ஆண்டே கென்னடி படுகொலை ஆவணச் சட்டம் நிறைவேறியது. ஓர் ஆவணத்தைக் கேட்பவர் அது ஏன் வேண்டும் என்று வாதாட வேண்டியதில்லை, மறைக்க விரும்பும் துறையே மறைப்பதற்கான காரணத்தை நிறுவ வேண்டும் என்று இச்சட்டம் ஆக்கியது. அரசு ஊழியர் அல்லாத ஐவரைக் கொண்ட மறுஆய்வு வாரியம் 1994 முதல் 1998 வரை ஒவ்வொரு ஆவணமாகப் பார்த்து முடிவெடுத்தது. இன்று மேரிலாந்து மாநிலக் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருப்பது அதன் பயனே. சட்டம் வந்த பிறகும், 1995இல், அதிபரின் பாதுகாப்புக்குப் பொறுப்பான இரகசியச் சேவைப் பிரிவு 1963ஆம் ஆண்டின் பயணப் பாதுகாப்புக் குறிப்புகள் சிலவற்றை அழித்துவிட்டது என்பதை அந்த வாரியமே தன் அறிக்கையில் பதிவு செய்துள்ளது. வாரியத்துக்கு ஆவணங்களைத் தேடிப் பெறும் அதிகாரம் இருந்தது. கொலையைப் பற்றி முடிவு கூறும் அதிகாரம் இல்லை. இந்த எல்லையைச் சட்டமே வகுத்தது. பின்னர் வந்த ஏமாற்றங்கள் பலவற்றுக்கும் வேர் இதுதான்.

எஞ்சிய ஆவணங்கள் யாவும் 2017 அக்டோபருக்குள் வெளிவர வேண்டும் என்ற கெடுவை அடுத்தடுத்து வந்த அதிபர்கள் தள்ளிப்போட்டனர். 2025 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி அவ்வாண்டு மார்ச் மாதம் பல்லாயிரம் பக்கங்கள் மறைப்பின்றி வெளியிடப்பட்டன. அவற்றிலும் தொடர்ந்து வந்த வெளியீடுகளிலும் ஆய்வாளர்கள் தேடியது ஜார்ஜ் ஜோஅனைடிஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரியின் தடயத்தை. 1963இல் மயாமி நகரில் இருந்துகொண்டு, காஸ்ட்ரோவை எதிர்த்து நாடுவிட்டு வந்த கியூப மாணவர்களின் அமைப்பொன்றைக் கவனித்துவந்தவர் இவர். அந்த அமைப்பின் நியூ ஆர்லியன்ஸ் கிளையினரோடுதான் ஆஸ்வால்ட் அவ்வாண்டு ஆகஸ்டில் தெருவில் கைகலந்தான், பிறகு வானொலி விவாதத்திலும் மோதினான். தங்களோடு தொடர்பில் இருந்தவர் ஹோவர்ட் என்ற பெயர் கொண்டவர் என்று மாணவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தனர். அப்படி யாரும் இல்லை என்பதே நிறுவனத்தின் பதிலாக இருந்தது. ஹோவர்ட் என்ற முற்பெயருடன் ஜோஅனைடிஸுக்குப் பொய்ப் பெயரில் ஓட்டுநர் உரிமம் வாங்க ஏற்பாடு செய்த 1963ஆம் ஆண்டுக் குறிப்பு 2025 ஜூலையில் வெளிவந்தது. இதனினும் கனமான செய்தி ஒன்று முன்பே தெரிந்திருந்தது: 1978இல் கீழவைக் குழுவுக்கு ஆவணங்களை எடுத்துக் கொடுக்கும் தொடர்பு அலுவலராக நிறுவனம் அனுப்பியது இதே ஜோஅனைடிஸைத்தான். விசாரிக்கப்பட வேண்டியவரே விசாரணைக்கு உதவ வந்து அமர்ந்திருந்தார். அக்குழுவின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் பிளேக்கி இதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்து, தாங்கள் ஏமாற்றப்பட்டதாக வெளிப்படையாகக் கூறினார். ஜோஅனைடிஸ் 1990இல் இறந்துவிட்டார். உரிமக் குறிப்பு வெளிவந்தபோது அதைக் காட்டிக் கேள்வி கேட்க ஆளில்லை. கேட்பதற்கான மன்றமும் இல்லை.

ஆவண வெளியீடு எல்லா நிலையிலும் நன்மையே என்று சொல்லிவிடவும் முடியாது. 2025 மார்ச் வெளியீட்டின் அவசரத்தில், உயிரோடுள்ள பலரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் அப்படியே அச்சேறிவிட்டன. அவர்களுள் கீழவைக் குழுவில் பணியாற்றிய முன்னாள் ஊழியர்களும் உண்டு. கிங் தொடர்பான ஆவணங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. எஃப்.பி.ஐ. கிங்கை எதிரியாகவே கருதி, அவர் தங்கிய விடுதி அறைகளில் ஒலிவாங்கிகளை ஒளித்து வைத்தது. 1964இல் அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் பெயரிடாத கடிதம் ஒன்றையும் ஒலிநாடாவோடு அனுப்பியது. இவ்வாறு சேர்த்த ஒலிப்பதிவுகளை 1977இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ஐம்பதாண்டுகளுக்கு, அதாவது 2027 வரை, மூடி வைத்தது. 2025 ஜூலையில் கிங் தொடர்பான 2,30,000க்கும் மேற்பட்ட பக்கங்கள் வெளிவந்தபோது அவருடைய மகனும் மகளும், தந்தையின் மரணம் தங்களுக்குத் தனிப்பட்ட துயரம் என்பதை மனத்தில் கொண்டு பரிவோடு அணுகும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். கிங்கைக் கொன்றது யார் என்பதற்கான ஆவணம் வேறு, கிங்கை இழிவுபடுத்துவதற்கென்றே சட்டத்துக்குப் புறம்பாக உண்டாக்கிய ஆவணம் வேறு. முன்னதை மறைப்பதும் பின்னதைப் பரப்புவதும் ஒரே அநீதியின் இரு வடிவங்கள். வெளிப்படைத்தன்மை கோருவோர் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லத் தயங்கக் கூடாது.

கிங் வழக்கின் அடிப்படைக் குறை, அது முறையாக விசாரிக்கப்படவே இல்லை என்பதாகும். லண்டன் விமான நிலையத்தில் பிடிபட்ட ஜேம்ஸ் ஏர்ல் ரே 1969 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 99 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் இல்லை. சான்றுகள் பொது மன்றத்தில் சோதிக்கப்படுவதில்லை. மூன்றே நாட்களில் ரே தன் ஒப்புதலை மறுத்தும், 1998இல் சாகும்வரை அவனுக்கு மறுவிசாரணை கிடைக்கவில்லை. அவன் சதிக்குப் பலியானவன் என்று நம்பிய கிங் குடும்பத்தார், மெம்ஃபிஸ் நகர உணவகக்காரர் ஒருவர் மீது தொடுத்த உரிமையியல் வழக்கில் 1999 டிசம்பரில் ஜூரிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆனால் அவ்வழக்கில் சதி இருந்தது என்பதை இரு தரப்புமே ஏறத்தாழ ஏற்றுக்கொண்டன. எதிர்வாதம் இல்லாத இடத்தில் கிடைத்த அத்தீர்ப்பை 2000இல் நீதித்துறை ஆராய்ந்து ஏற்க மறுத்தது. துயருற்ற குடும்பம் தானே செலவு செய்து, தானே சாட்சிகளைத் தேடி வழக்காட வேண்டியிருந்தது. அதற்கு அரசின் புறக்கணிப்பே காரணம் என்பதையும் இங்கே சொல்லாமல் விட இயலாது.

ராபர்ட் கென்னடி வழக்கில் இழப்பு வேறு வகையானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகர அம்பாசடர் விடுதியின் சமையற்கட்டு வழியில் சிர்ஹான் சிர்ஹான் என்பவன் சுட்டதைப் பலர் கண்ணால் கண்டனர். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் நோகுச்சி, உயிரைப் பறித்த குண்டு வலக் காதின் பின்புறம், ஓரிரு அங்குல இடைவெளியில் இருந்து பாய்ந்தது என்று பதிவு செய்தார். சாட்சிகளோ சிர்ஹான் முன்புறம் நின்றதாகவே கூறினர். 1975இல் நீதிமன்றம் அமர்த்திய துப்பாக்கி வல்லுநர்கள் எழுவர், இரண்டாவது துப்பாக்கிக்குச் சான்றில்லை என்றனர். எனினும் குண்டுகள் சிர்ஹானின் துப்பாக்கியிலிருந்தே வந்தன என்றும் அவர்களால் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. குண்டு பாய்ந்த தடங்கள் உண்டா என்று பார்க்க எடுத்துச் சென்ற மேற்கூரைப் பலகைகளையும் கதவுச் சட்டங்களையும் சிர்ஹானின் மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 1969இல் காவல்துறை அழித்துவிட்டது. அன்றிரவு ராபர்ட் கென்னடியோடு குண்டடிபட்டுப் பிழைத்த தொழிற்சங்கத் தலைவர் பால் ஷ்ரேட், மறுவிசாரணை கேட்டு 2022இல் இறக்கும்வரை ஓயவில்லை. அழிந்த பலகையை எந்த ஆவணச் சட்டமும் மீட்டுத் தராது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது மெட்கர் எவர்ஸ் வழக்கு. 1963 ஜூன் 12 நள்ளிரவு கடந்த வேளையில், ஜாக்சன் நகரில் தன் வீட்டு முற்றத்தில் வண்டியைவிட்டு இறங்கிய எவர்ஸ் முதுகில் சுடப்பட்டார். அருகில் கிடந்த துப்பாக்கியின் தொலைநோக்கியில் பைரன் டி லா பெக்வித் என்பவரின் கைரேகை இருந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகள் 1964இல் அவரை இரு முறை விசாரித்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்கே வந்து குற்றவாளிக் கூண்டில் இருந்தவரின் கையைக் குலுக்கிச் சென்றார். இன ஒதுக்கலைக் காப்பதற்கென்றே மிசிசிப்பி அரசு 1956இல் ஏற்படுத்திய இறையாண்மை ஆணையம் என்ற உளவு அமைப்பு, இரண்டாம் விசாரணையில் ஜூரிகளைப் பற்றி விசாரித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அரசே வழக்குத் தொடுத்தது, அரசே குற்றவாளிக்கும் உதவியது. அந்த ஆணையத்தின் கோப்புகள் 2027 வரை திறக்கக் கூடாது என்று மூடப்பட்டிருந்தன. ஆனால் அவற்றுள் சில 1989இல் ஜாக்சன் நாளிதழின் செய்தியாளர் ஜெரி மிச்செல் கைக்குக் கசிந்தன. அவர் எழுதிய செய்திதான் வழக்கைத் திறந்தது.

அடுத்து நடந்ததுதான் மற்ற வழக்குகளில் நடக்காதது. எவர்ஸின் மனைவி மிர்லி மாவட்ட அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தை விடாமல் நெருக்கினார். பழைய விசாரணையின் எழுத்துப் பதிவு நீதிமன்றத்தில் காணாமல் போயிருந்தது. மிர்லி பத்திரப்படுத்தி வைத்திருந்த சான்றளித்த படி அதை ஈடுசெய்தது. துப்பாக்கியும் காணவில்லை, உதவி அரசு வழக்கறிஞர் பாபி டிலாட்டர் அதைத் தம் முன்னாள் மாமனாரான மறைந்த நீதிபதி ஒருவரின் வீட்டில் கண்டெடுத்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாத நிலையில், 1991இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையிலிருந்து எவர்ஸின் உடலைத் தோண்டியெடுத்து மீண்டும் ஆராய்ந்தனர். கொன்றது தானே என்று பெக்வித் பீற்றிக்கொண்டதைக் கேட்டவர்கள் சாட்சி சொல்ல முன்வந்தனர். கறுப்பினத்தவர் எண்மரும் வெள்ளையர் நால்வருமாக அமர்ந்த ஜூரி 1994 பிப்ரவரி 5 அன்று, கொலை நடந்து முப்பதாண்டுகளுக்கும் மேலான பிறகு, பெக்வித்தைக் குற்றவாளி என்று அறிவித்தது. அவர் 2001இல் சிறையில் இருந்தபோது இறந்தார். கசிந்த கோப்பு வழக்கைத் தொடங்கி வைத்தது என்பது உண்மை. கைரேகை, துப்பாக்கி, உயிரோடிருந்த சாட்சிகள், துணிந்த ஓர் அரசு வழக்கறிஞர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாளையும் எறிந்துவிடாத ஒரு பெண்மணி ஆகிய அனைத்தும் கூடி வந்ததால்தான் அது தீர்ப்பில் முடிந்தது.

மால்கம் எக்ஸ் வழக்கில் மறுவிசாரணை குற்றவாளியைப் பிடிக்கவில்லை, குற்றமற்றவர்களை விடுவித்தது. நியூயார்க்கின் ஆடுபான் அரங்கில் 1965 பிப்ரவரி 21 அன்று நடந்த கொலைக்காக மூவர் 1966இல் தண்டிக்கப்பட்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட முஜாஹித் அப்துல் ஹாலிம், மற்ற இருவருக்கும் தொடர்பில்லை என்று அப்போதே கூண்டில் நின்று சொன்னார்; 1977–78இல் பிரமாணப் பத்திரங்களில் உண்மைக் குற்றவாளிகள் என வேறு நால்வரைக் குறிப்பிட்டார். நீதிமன்றம் செவிசாய்க்கவில்லை. முகமது அஜீஸும் கலீல் இஸ்லாமும் இருபதாண்டுகள் சிறையில் கழித்து 1980களில் பரோலில் வந்தனர். கலீல் கொலைகாரன் என்ற பெயரோடே 2009இல் இறந்தார். 2020இல் ஓர் ஆவணப்படத் தொடர் இக்கேள்வியை மீண்டும் எழுப்பியபோது, மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் ஏறத்தாழ இரண்டாண்டுகள் மறுஆய்வு நடத்தினார். இவ்விருவருக்கும் சாதகமான, வேறு ஆட்களைச் சுட்டிய எஃப்.பி.ஐ. ஆவணங்கள் வழக்கு நடந்த காலத்திலேயே இருந்தும் எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை என்பதும், மாறுவேடத்தில் இருந்த காவலர்கள் கொலை நடந்த அரங்கில் இருந்தது மறைக்கப்பட்டது என்பதும் அதில் தெரியவந்தன. 2021 நவம்பர் 18 அன்று நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியபோது அஜீஸுக்கு வயது 83. நியூயார்க் நகரமும் மாநிலமும் சேர்ந்து 3 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு தர 2022இல் இசைந்தன. எவர் சுட்டார் என்பதை அந்த மறுஆய்வு தீர்க்கவில்லை. ஹாலிம் பெயர் சொன்ன நால்வரையும் காலம் தாழ்ந்த அந்த விசாரணையால் கூண்டில் ஏற்ற முடியவில்லை. மால்கம் எக்ஸின் மகள்கள் எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ., நியூயார்க் காவல்துறை ஆகியவற்றின் மீது 2024இல் வழக்குத் தொடுத்தனர்.

இத்தகைய கோரிக்கைகள் சதிக் கற்பனைகளுக்குத் தீனி போடுகின்றன என்றும், அறுபதாண்டுப் பழைய கொலைகளுக்குச் செலவிடும் பணத்தை இன்றைய வழக்குகளுக்குச் செலவிடலாம் என்றும் கூறும் மறுப்பை ஒதுக்கிவிட இயலாது. ஆதாரமற்ற நூல்கள் நூற்றுக்கணக்கில் வந்திருப்பதும், கொலையோடு தொடர்பற்ற பலர் மீது பழி சுமத்தப்பட்டிருப்பதும் உண்மையே. நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன் 1969இல் கிளே ஷா என்ற வணிகர் மீது நடத்திய கென்னடி சதி வழக்கில், ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் ஷாவை விடுவித்தனர். மறுவிசாரணை என்ற பெயராலும் அநீதி நிகழக்கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் கற்பனை செழிப்பது கோப்பு மூடிக் கிடக்கும் இடத்தில்தான். எவர்ஸ் வழக்கில் சதிக் கற்பனைக்கு இன்று இடமில்லை. கென்னடி வழக்கில் உண்டு. வேறுபாடு தாள்களின் எண்ணிக்கையில் இல்லை, ஏனெனில் கென்னடி வழக்கில்தான் தாள்கள் அதிகம்; அவற்றை ஒரு மன்றம் சோதித்துத் தீர்ப்புச் சொன்னதா என்பதில்தான் உள்ளது.

கென்னடி, கிங் குடும்பத்தினர் சிலரும் பிளேக்கி, செயற்பாட்டாளர் டேனியல் எல்ஸ்பெர்க் முதலியோரும் உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்டோர் 2019 ஜனவரியில் கையெழுத்திட்டு வெளியிட்ட கூட்டறிக்கை, ஜான் கென்னடி, மால்கம் எக்ஸ், கிங், ராபர்ட் கென்னடி ஆகிய நால்வரின் கொலைகளையும் பொதுவில் மறுவிசாரணை செய்யக் கேட்டது. அதற்கு அரசு தரப்பிலிருந்து பயன் ஏதும் விளையவில்லை. அதே மாதத்தில், ஓசையின்றி, குடிமை உரிமைப் போராட்ட காலத்தில் தீர்க்கப்படாத கொலைகளின் ஆவணங்களுக்கான தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1940 முதல் 1979 வரையிலான வழக்குகளை உள்ளடக்கும் இச்சட்டத்தின் வரைவு, நியூ ஜெர்சியின் ஹைட்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் வகுப்பறையில் தொடங்கியது. கென்னடி ஆவணச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அவர்கள் அதை எழுதி, ஆண்டுக்காண்டு வந்த அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து நிறைவேற்ற வைத்தனர். சட்டம் கூறிய மறுஆய்வு வாரியத்துக்கு நான்காண்டு ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. அதன் உறுப்பினர்களுக்கு செனட் ஒப்புதல் அளித்தது 2022 பிப்ரவரியில். அதற்குள் மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. வாரியத்தின் காலத்தை நீட்டிக்க மற்றொரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த வாரியத்துக்கும் ஆவணங்களைத் திறக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு; அவற்றில் பெயர் காணப்படும் ஒருவர் மீது கொலை வழக்குத் தொடர வேண்டுமானால், அவர் உயிரோடிருக்கும்போதே ஏதேனும் ஒரு மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் முன்வர வேண்டும்.